ஆடி மாதச் செட்டிநாட்டுக்கு ஒரு வாரப் பட்டியல் கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சென்னையிலிருந்து கானாடுகாத்தான் பக்கம் கணவரின் பூர்வீக வீட்டுக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது, பெரிய வீட்டில் மாமியாரும் நீங்களும்தான், வேலை முழுக்க மடிக்கணினியில் என்று எழுதியிருக்கிறீர்கள். வாரா வாரம் போனில் வரும் பட்டியல்களை நம்பி இந்த வாரம் இதைச் சமை, இதைப் படி, இதை நடு, இதை உடுத்து, இதைக் கேள் என்று சொன்னதையெல்லாம் செய்து பார்த்தீர்கள். லாவெண்டர் நாற்று பத்தே நாளில் கருகியது. சொன்ன காய் காரைக்குடி வரை போய்த் தேடியும் கிடைக்கவில்லை. படித்து முடிக்காத புத்தகங்கள் மேசையில் சேர்ந்துவிட்டன. அதனால் செட்டிநாட்டுக்கு ஒத்துவரும் மாதிரி இந்த ஐந்துக்கும் ஒரு வாரப் பட்டியல் கேட்கிறீர்கள். மேலே பார்த்தால் பட்டியல் கேட்கும் கேள்விதான். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது இந்த ஊரில், இந்த மண்ணில், இந்த வாரம் எதற்கு உரிய வாரம் என்பதை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் காரைக்குடி வட்டாரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அதில் பதினோரு வருடம் உள்ளூர் வார இதழ் ஒன்றுக்கு, இப்போது நீங்கள் கேட்கும் இதே ஐந்து தலைப்பில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். புத்தகம் பற்றியும் எங்கள் பக்கத்துச் சமையல் பற்றியும் நான் சொல்வதை நம்பி நடக்கலாம். தோட்டம் பற்றிச் சொல்வது என் வீட்டுக் கொல்லையில் கண்டதும், விவசாயத் துறைக்காரர்களிடம் கேட்டுச் செய்து பார்த்ததும். சேலை விஷயத்தில் கட்டியும் துவைத்தும் தெரிந்துகொண்டது. இசையில் நான் வெறும் ரசிகை. நாற்பது வருடமாகக் கேட்கிறேன், பாடத் தெரியாது. அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினோரு வருடத்தில் நான் கற்ற முதல் பாடம், இந்த ஐந்துக்கும் ஒரே வேகம் கிடையாது என்பது. சாப்பாடு வாரத்துக்கு வாரம் மாறலாம். சந்தையில் வருவது மாறும்போது அடுப்பில் ஏறுவதும் மாறத்தான் வேண்டும். தோட்டம் அப்படி இல்லை, அது பட்டத்துக்குப் பட்டம், அதாவது விதைக்கும் பருவத்துக்குப் பருவம் நகரும். உடை பருவத்தோடு போகும். நல்ல புத்தகம் ஒன்றுக்கு ஒரு மாதமாவது கொடுக்க வேண்டும். பாட்டுக்கோ ஒரு வாரமே சரியான அளவு, ஆனால் ஒரே பாட்டாக இருக்க வேண்டும். ஐந்தையும் ஒரே வெள்ளிக்கிழமையில் புதிதாக மாற்றச் சொல்லும் பட்டியல் உங்களை ஓட வைக்கும், எதிலும் நிற்க விடாது. உங்கள் மேசையில் சேர்ந்த புத்தகங்களுக்குக் காரணம் உங்கள் சோம்பல் இல்லை. அந்த வேகமே தப்பு.

இப்போது ஆடி பிறந்திருக்கிறது. ஆகவே ஆடியை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சாப்பாடு. எங்கள் பக்கம் ஆடி என்றால் கும்மாயம், உளுந்து மாவும் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் இனிப்பு. உங்கள் மாமியாருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், அவர்களிடமே கேட்டுச் செய்வது எல்லாவற்றையும் விட நல்லது. அளவு வீட்டுக்கு வீடு மாறும், அதில் எது சரி என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கள் அப்பத்தா கணக்கு இப்படி: தோல் நீக்கிய உளுந்து நான்கு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. மூன்றையும் தனித்தனியாக, வாசம் வரும் வரை வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் பாசிப்பருப்பு சிவக்கும்போது உளுந்து பச்சையாகவே இருக்கும். ஆறியதும் நைசாகத் திரித்துச் சலித்துக்கொள்ளுங்கள். இந்த மாவு காற்றுப் புகாத டப்பாவில் ஆடி முழுக்கத் தாங்கும், அதனால் ஒரே தடவையாகத் திரித்து வைத்துக்கொண்டால் வேலை மிச்சம்.

கிண்டும் நாளில் மாவு ஒரு பங்குக்குக் கருப்பட்டி இரண்டு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, நெய் அரைப் பங்குக்குக் குறையாமல். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரையவிட்டுக் கட்டாயம் வடிகட்டுங்கள், நல்ல கருப்பட்டியிலும் மண் இருக்கும். நெய்யில் பாதியை ஊற்றி மாவை இளஞ்சூட்டில் புரட்டி, அடுப்பிலிருந்து இறக்கி, ஆறிய கருப்பட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, மறுபடி அடுப்பில் ஏற்றிக் கிண்ட வேண்டும். சூடான பாகில் மாவைக் கொட்டினால் கட்டி விழும், பிறகு அதை எதனாலும் சரிசெய்ய முடியாது. கையில் தண்ணீர் தொட்டு மாவைத் தொட்டால் ஒட்டக் கூடாது, ஓரத்தில் நெய் பிரிய வேண்டும். அதுதான் பதம். பாதிக் கருப்பட்டி பாதி வெல்லம் போடுகிறவர்களும் உண்டு, நிறம் இளசாக வரும். எனக்கு முழுக் கருப்பட்டிதான் பிடிக்கும். ஆடிக்காற்றில் உதடு வறண்டு கிடக்கும் சாயங்காலத்தில் ஒரு கரண்டி சூடாகச் சாப்பிட்டால் ராத்திரிச் சாப்பாடே வேண்டாம் என்றிருக்கும்.

தினப்படிக்கு, இந்த வாரம் வெண்டைக்காய் மண்டி வையுங்கள். அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து அதில் புளியை ஊறப்போட்டுக் கரைக்க வேண்டும். முதல் தண்ணீரில் தூசி இருக்கும், அது செடிக்குப் போகட்டும். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், முழுச் சின்ன வெங்காயம், முழுப் பூண்டு, கீறிய பச்சை மிளகாய் தாளித்து, வெண்டைக்காயைச் சற்றுப் பெரிய துண்டாகப் போட்டு வழவழப்புப் போகும் வரை வதக்கி, அப்புறம் அந்தப் புளித்தண்ணீரை ஊற்றி வற்றவிடுங்கள். அரிசித் தண்ணீரே அதற்குக் கெட்டி கொடுக்கும், மாவு கரைத்து ஊற்ற வேண்டியதில்லை. வேகவைத்த மொச்சை இருந்தால் சேர்க்கலாம். கடைசியில் நெல்லிக்காய் அளவு வெல்லம். மறுநாள் இன்னும் ருசிக்கும். வேலை நேரத்தில் அடுப்பருகே நிற்க முடியாத உங்களுக்கு இது ரொம்பத் தோது.

செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம், மசாலா என்று வெளியில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. சாப்பாட்டுக் கடைப் பலகைகள் செய்த வேலை அது. கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் எங்கள் அடுப்படியில் உண்டு என்பது உண்மை, ஆனால் அவை கறிக்கும் கோழிக்கும்தான், அதுவும் விரல்நுனி அளவு. வாரத்தில் ஐந்து நாள் எங்கள் இலையில் இருப்பது இளங்குழம்பும் மண்டியும் பருப்புச் சேர்ந்த கூட்டும்தான். இதை உறுதியாகச் சொல்வேன். கவுனி என்ற கருப்பு அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்பதையும் அடிக்கடி கேட்பீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், கொண்டுவிற்ற வழியை, அதாவது கடல் கடந்து வட்டித் தொழிலுக்குப் போய்வந்த வழியைப் பார்த்தால் பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் அதை வாய்வழிச் செய்தியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கவுனியில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: முதல்நாள் ராத்திரியே ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவிட வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் நிறமும் போகும், மணமும் போகும்.

தோட்டத்துக்கு வருகிறேன். இங்கேதான் நீங்கள் அதிகம் ஏமாந்திருக்கிறீர்கள், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லாவெண்டர் குளிரும் வறட்சியும் சேர்ந்த மலைச்சரிவுச் செடி. நம் ஊர் ஜூன் வெயிலில் அது கருகியது உங்கள் கைராசிக் குறைவினால் இல்லை. சரி, ஆடியில் எதை நடலாம்? 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியை எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பழமொழி நம் வட்டாரத்தில் பாதிதான் செல்லும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பெருமழை என்பது வடகிழக்குப் பருவமழை, அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை. ஆடியில் நமக்குக் கிடைப்பது எப்போதாவது ஒரு சாயங்கால இடிமழையும் நிறையக் காற்றும்தான். ஆகவே விதைக்கலாம், ஆனால் புரட்டாசி முடியும் வரை கையால் தண்ணீர் ஊற்ற முடிந்த அளவுக்கு மட்டும் விதையுங்கள். நான்கு குழிக்கு மேல் வேண்டாம்.

அந்த நான்கில் இரண்டு குழி நாட்டுக் கொடியவரைக்குப் போகட்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாட்டு அவரை பகல் குறைந்து இரவு நீளும் நாட்களில்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் கொடி வீசிப் பந்தல் ஏறுவதற்கு நான்கு மாதம் கிடைக்கிறது. கார்த்திகை, மார்கழியில் பூத்துத் தை, மாசி வரை காய்த்துத் தள்ளும். இதையே தையில் விதைத்தால் இலையாக வளர்ந்துகொண்டே இருக்கும், காய்க்கு அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும். பாக்கெட்டில் விற்கும் செடியவரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, எப்போது போட்டாலும் காய்க்கும், ஆனால் ருசி நாட்டு அவரைக்கு ஈடாகாது. விதையைக் கடையில் தேடாதீர்கள். உங்கள் தெருவில் போன வருடம் பந்தல் போட்ட வீடு ஒன்று நிச்சயம் இருக்கும், அங்கே போய் ஒரு கைப்பிடி கேளுங்கள். பழகுவதற்கும் அது ஒரு வழி. மற்ற இரண்டு குழிகளில் ஒன்றுக்குப் பீர்க்கு, ஒன்றுக்குப் பூசணி.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். நம் பக்கம் பல இடங்களில் ஒரு அடிக்குக் கீழே செம்புறாங்கல் சரளை வந்துவிடும். வேர் அதைத் துளைத்துப் போகச் சிரமப்படும், தண்ணீரும் நிற்காமல் வடிந்துவிடும். எடுத்த மண்ணில் சரளையைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, பாதி மண், கால் பங்கு மட்கிய சாணி எரு, கால் பங்கு மட்கிய சருகு என்று கலந்து நிரப்புங்கள். குழிக்கு மூன்று விதை, முளைத்த பிறகு நன்றாக வந்ததை மட்டும் விட்டுவிடலாம். மேலே காய்ந்த இலையால் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். மண்ணின் ஈரத்தை வெயிலை விட இந்தக் காற்றுதான் வேகமாக உறிஞ்சும், மூடாக்கு இல்லாவிட்டால் நீங்கள் காலையில் ஊற்றியது மதியத்துக்குள் போய்விடும். மார்கழியில் கொடியின் நுனியில் அசுவினி அடை அடையாக ஒட்டும், அப்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளித்தால் போதும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மல்லிகைக் கொடியை இப்போது வெட்டிவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். குண்டுமல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு. ஜாதிமல்லிக்கு டிசம்பர், முல்லைக்கு ஜனவரி கடைசி. இது விவசாயப் பல்கலைக்கழகமே சொல்லும் கணக்கு, என் கொல்லையிலும் பிசகாமல் நடந்த கணக்கு. முருங்கை இருந்தால் காற்றுக்கு ஒடியும் நீளக் கிளைகளை மட்டும் இப்போதே குறைத்துவிடுங்கள். பூக்கவில்லை என்று அதற்குத் தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள். முருங்கை கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும்.

உடைக்கு இந்தப் பருவத்தில் நான் சொல்வது ஒன்றுதான், கண்டாங்கி. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் எது எதுவோ விற்கிறார்கள். கண்டாங்கி என்றால் பருத்தி, கைத்தறி, பெரிய கட்டமோ கோடோ, அகலமான கரை. அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு போன்ற அழுத்தமான நிறங்கள். அந்தக் காலத்து ஆச்சிமார் பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டியது இதைத்தான். வீடு முழுக்க நடமாடி வேலை செய்யத் தோதான கட்டு அது. வாங்கும்போது கரையோரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கைத்தறியில் துணியை இழுத்துப் பிடித்த ஊசிகளின் சிறு துளைகள் வரிசையாகத் தெரியும். திருப்பிப் பார்த்தால் கட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மடிக்கணினி முன்னால் எட்டு மணி நேரம் உட்காருகிறவருக்குப் புதுக் கண்டாங்கி முதல் மாதம் கொஞ்சம் கனமாகத் தோன்றும். ஐந்தாறு சலவைக்குப் பிறகுதான் அது உடம்போடு இழையும். பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுத்ததற்குப் பலன் இருக்கும்.

சலவை பற்றி நான் ஒருமுறை தப்பாக எழுதிவிட்டேன், அதைச் சொல்லியாக வேண்டும். புதுச் சேலையைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டால் பிறகு சாயம் போகாது, மற்றத் துணியோடு போடலாம் என்று எழுதினேன். எல்லாரும் சொன்னதை நானும் சொன்னேன். நான்கு நாள் கழித்து ஒரு அம்மா அரக்குச் சாயம் முழுக்க இறங்கிய மஞ்சள் சேலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்தார்கள். மகளுக்குத் தலைத் தீபாவளிக்கு எடுத்தது. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் இப்போது பிரித்தே சொல்கிறேன். உப்புத் தண்ணீர் எங்கள் வழக்கம், அதனால் கெடுதல் இல்லை, ஆனால் அது சாயத்தைக் கட்டிப்போடும் என்று நம்பி இருக்காதீர்கள். முதல் நான்கு சலவை தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல் அலசி எடுத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் காயப்போடுவது, இதுதான் கட்டாயம். கஞ்சி போடுவதானால் கட்டப்போகும் வாரம் போடுங்கள். கஞ்சியோடு மழைக்காலத்துக்கு மடித்து வைத்தால் பூச்சி அரிக்கும்.

உங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல் என்று எழுதியிருந்ததால் ஒரு வார்த்தை. கண்ணாடி மேல் சாயமும் சிமெண்டும் ஊற்றிக் கையால் செய்த கல் அது. கழிவறை கழுவும் அமிலத் திரவம் எதையும் அதன் மேல் ஊற்றாதீர்கள். சிமெண்டை அமிலம் தின்றுவிடும், பளபளப்புப் போனால் திரும்பாது. வெறும் தண்ணீரால் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு, போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் வண்ணப் பீங்கான் பூசிய இரும்புப் பாத்திரங்கள் மனதை இழுக்கும். அழகுக்கு வாங்குங்கள். பூச்சு உதிர்ந்ததில் புளிக்குழம்போ தயிரோ வைக்காதீர்கள், பழைய பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு.

புத்தகத்துக்கு ஆடி மாதம் முழுமைக்கும் ஒன்றே ஒன்று: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர், நம் பக்கத்து மனிதர். 1938-இல் கப்பலேறி, இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில் உள்ள மேடானுக்குப் போனார், போர் முடிந்து 1946-இல் திரும்பினார், மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல். இது 1972-இல் வெளிவந்தது. இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் நீங்கள் குடியிருக்கும் வீடுதான். உங்கள் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றி நிற்கும் தேக்குத் தூண் அநேகமாகப் பர்மா மரம். அதை வாங்கிய பணமும் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் ஈட்டியதாக இருக்கும். 1930-களின் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு, கடன் திரும்பாமல், செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆயிரக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பினார்கள். வீட்டின் அழகைப் பார்க்க வருகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்பதில்லை. சிங்காரம் சொல்லும் ஊர்கள் பர்மா அல்ல, மேடானும் பினாங்கும்தான். ஆனால் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கடுக்காக இருந்த அந்த வட்டிக்கடை உலகமும், கூடத்தில் பாய் விரித்துப் படுத்த இளைஞர்கள் ஊர் நினைப்பில் புரண்ட இரவுகளும் எங்கும் ஒன்றுதான்.

எளிதான புத்தகம் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். மலாய்ச் சொற்களும் பழந்தமிழ் வரிகளும் பாதி வாக்கியத்தில் குறுக்கிடும். நூலகத்தில் இதை எடுத்துப் போனவர்களில் பலர் முதல் வாரமே திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு வழி கண்டுபிடித்தேன்: தினமும் பத்துப் பக்கம், வாய்விட்டு. காது பழகிய பிறகு கண் தானாக ஓடும். ராத்திரி உங்கள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால், பாதிச் சொல்லுக்கு அவர்களே அர்த்தம் சொல்வார்கள், அவர்கள் ஐயாவோ அப்பாவோ கொண்டுவிற்கப் போன கதையும் வெளியே வரும். அப்படி ஒரு வீட்டில் நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' தொடங்குங்கள். சிறியது, பினாங்கில் நடக்கும் காதல் கதை, நேராகப் போகும்.

அப்படியே இன்னொன்று, நூலகக்காரியாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டு மேல்மாடியில் பழைய பேரேடு, கடிதம், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று கட்டுக்கட்டாக இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர், மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய அச்சுத் தாள்களையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992-இல் காலமான பிறகு அந்தச் சேகரிப்புச் சென்னைக்குப் போய் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது, உலகம் முழுவதிலுமிருந்து வந்து படிக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கட்டுகளை இந்த வெயிலில் ஒரு நாள் நிழல்காற்றில் பரப்பி, தூசி தட்டி, பருத்தித் துணியில் கட்டி வையுங்கள். வேப்பிலை வைப்பதானால் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும், ஈர இலை தாளில் கறையாக இறங்கும்.

இசைக்கு வாரம் ஒரு பாட்டு என்றேன். இந்த வாரத்துக்கு 'ஆழி மழைக் கண்ணா'. திருப்பாவையை மார்கழிக்கு என்று மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம், ஆண்டாள் பிறந்தது ஆடிப்பூரம். அதுவும் இது மழைப் பாட்டு. கடலுக்குள் புகுந்து நீரை முகந்து, மேலேறிக் கறுத்து, சக்கரம் போல் மின்னி, சங்கு போல் அதிர்ந்து, அம்புமாரியாய்ப் பெய் என்று மழையையே கூப்பிடுகிறாள். மேகம் ஏறுகிறதா என்று எல்லாரும் வானத்தைப் பார்க்கும் நம் ஆடி மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? முப்பது பாசுரங்களுக்கும் கச்சேரியில் இன்று நாம் கேட்கும் மெட்டை அமைத்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். காரைக்குடிக்கு ஒட்டிய அரியக்குடியில் 1890-இல் பிறந்தவர். வர்ணத்தில் தொடங்கிக் கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, கடைசியில் சின்னச் சின்ன உருப்படிகள் என்று இன்றைக்கும் பின்பற்றும் கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர். இந்தப் பாசுரத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது வராளி ராகம். எம். எல். வசந்தகுமாரி அந்த மெட்டில் பாடிய பதிவு எளிதாகக் கிடைக்கும், அதிலிருந்து தொடங்குங்கள்.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஏழு நாளும் அதையே கேளுங்கள். மூன்றாம் நாள் சலிப்பது போல் இருக்கும். ஐந்தாம் நாள், வராளி என்ற பெயர் தெரியாவிட்டாலும், வேறெங்கோ அந்தச் சாயல் ஒலித்தால் காது நின்று கேட்கும். ராகத்தின் இலக்கணத்தை நான் விளக்கப் போனால் தப்பாகிவிடும், அதற்கு ஒரு வாத்தியாரைப் பிடியுங்கள். அடுத்த வாரத்துக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீணை, அதற்கடுத்து குன்னக்குடி வைத்தியநாதனின் வயலின். ஆகஸ்ட் 15 வரும் வாரத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'. அது 'நாம் இருவர்' படத்துக்காகப் பாடியது. சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்பே, 1947 தொடக்கத்தில் வந்த படம், ஏவி.எம். காரைக்குடியில் கொட்டகை போட்டு எடுத்தது. நீங்கள் சந்தைக்குப் போகும் ஊரில் உருவான படம் என்று தெரிந்து கேட்டால் அந்தப் பாட்டே வேறு மாதிரி இருக்கும்.

ஆவணியில் என்ன மாற்ற வேண்டும் என்பதை அப்போது எழுதுகிறேன். அதற்குள் உங்களிடமிருந்து எனக்கு ஒரு விவரம் தேவை. கொல்லையில் பந்தல் போட நினைக்கும் இடத்தில் ஒன்றரை அடிக் குழி வெட்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, முழுக்க வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வடிந்ததும் இன்னொரு குடம் ஊற்றி அதையும் குறியுங்கள். இரண்டாவது குடம் கால் மணிக்குள் காணாமல் போனால் அங்கே அடியில் சரளை, எருவை இன்னும் கூட்ட வேண்டும். அரை நாள் ஆகியும் நின்றால் ஐப்பசி மழையில் அவரை வேர் அழுகும், இடத்தை மாற்ற வேண்டும். எது என்று எழுதுங்கள், அதன் பிறகு விதை ஊன்றலாம்.